பாஸ்வேர்டு கேட்காத கணினி

எனக்கு மாடிப்படி ஏறப் பிடிக்கும், ஐயா. லிஃப்டில் எல்லாரும் கதவையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். படியில் யாராவது மூச்சு வாங்க நிற்பார்கள், இரண்டு வார்த்தை பேசுவார்கள்.

ஆஸ்பத்திரிக் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு கணினி மக்கர் பண்ணினால், அதை முழுக்க அழித்துவிட்டுச் எல்லா மென்பொருளும் அடங்கிய சுத்தமான நகல் ஒன்றை நெட்வொர்க் வழியாக இறக்குவோம். இறங்கும் முன் அது பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். அதைத் தட்டத்தான் மாடி மாடியாகப் போவேன். மூன்றாம் மாடி வார்டில் நர்ஸ் அக்கா நாற்காலியை இழுத்துப் போடுவார். "உக்காருங்க தம்பி. சாப்டீங்களா?" என்பார். வீட்டில் அப்படிக் கேட்க எனக்கு ஆள் இல்லை.

"இதுக்குப் போயி ஏறி எறங்கணுமா? அதுவே லாகின் ஆகற மாதிரி பண்ணிடுய்யா" என்றார் மேனேஜர். பண்ணினேன். பெயரையும் பாஸ்வேர்டையும் முன்கூட்டியே நிரலில் எழுதி வைத்துவிட்டேன். அதன்பின் கீழ்த்தளத்து அறையில் உட்கார்ந்தபடி ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். எல்லாரும் பாராட்டினார்கள். பிறகு யாரும் கூப்பிடவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாக வாய் திறப்பேன். குரல் கம்மிப் போயிருக்கும்.

ஆகவே ஒருநாள், நன்றாக ஓடிக்கொண்டிருந்த வார்டு கணினியை நானே அழித்தேன். அக்கா பதறிக்கொண்டு போன் செய்தார். "தம்பி, ஸ்க்ரீன்ல என்னமோ ஓடுது. கொஞ்சம் வாங்களேன்." போனேன். தானாகவே சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தேன்.

அதன்பின் அடிக்கடி செய்தேன். மருந்து கொடுக்கும் வேளையாகப் பார்த்துச் செய்தேன். மற்ற நேரமென்றால் அவர் அவ்வளவு அவசரமாகக் கூப்பிடமாட்டார்.

வார்டில் ஒரு தையற்காரர் படுத்திருந்தார். ஒரு மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது. அவர் பெயரைத் திறந்தால் கணினி சிவப்பில் எச்சரிக்கும். ஆனால் அன்று திரையில் என் நகல் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம் அந்த மருந்தையே ஊசியில் போட்டுவிட்டார். நான் மேலே போனபோது தையற்காரரின் மனைவி அவர் பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவை சூடாகவில்லை.

வேலை போனது அக்காவுக்கு. "பாக்காம போட்டுட்டேன் தம்பி. நாந்தான் கொன்னுட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கையை எடுத்துக்கொள்வார். "உங்க மேல தப்பில்லக்கா" என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லையே.

பிறகு வேலை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். இருட்டும்வரை பேசிக்கொண்டிருப்போம். திடீரென்று ஒருநாள் வீடு பூட்டிக் கிடந்தது. அக்கா தன் தங்கையின் ஊருக்குப் போய்விட்டாராம். என் போனை எடுப்பதில்லை.

தையற்காரரைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அக்காவுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. அந்த நாட்களில் அவருக்கு என்னை விட்டால் யார் இருந்தார்கள்?

வழக்கு என்று வந்தால் அவரைச் சாட்சிக்குக் கூப்பிடுவீர்கள் இல்லையா, ஐயா?