சிங்க சேருல கோபி

— ஆராய்ச்சின்னா இன்னா சார்? செத்துப்போன என் தம்பி பேனர்ல படிக்கறதுக்கு இன்னா இருக்குது?

— யாரு மூஞ்சி பெருசு, இன்னா கலரு, யாரு எங்க உக்காந்திருக்காங்க... இதனால ஊருல எப்படி சண்டை வருதுன்னு எழுதறேன்மா. பதினோரு ஊரு சுத்திட்டேன்.

— அதுல எங்க கோபி எத்தினியாவது?

— அவன்தான்மா மொதல்ல.

— நல்லா எழுதுங்க. ஊர்த்தெருவுல ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளைய சிங்க சேருல உக்கார வச்சி, தலையில கிரீடம், கையில வாளோட பேனர் கட்டுனாங்க. பத்தாம் நாளு இவன் பொறந்தநாளு. அதே சேரு, அதே கிரீடம், இவன் மூஞ்சி. அதுவும் காலனி முனையில. சும்மா இருப்பாங்களா?

— நீங்க அன்னிக்கு இங்கதான் இருந்தீங்களா?

— விழுப்புரத்துல ஜவுளிக்கடை வேல முடிச்சி பஸ்ஸ விட்டு எறங்கறேன். ஏணில ஏறி கயித்தப் புடிச்சிக்கினு நிக்கிறான். காதுல போனு வேற. அந்தாண்ட இருந்து கும்பலா ஓடியாராங்க. நான் கிட்டப் போறதுக்குள்ள இழுத்துத் தள்ளி... வேணாம் சார். திங்கக்கிழம கோர்ட்டுல சொல்லணும். இங்க ஒருவாட்டி, அங்க ஒருவாட்டி, பேஜாரு.

— கோர்ட்டுல இன்னா சொல்லப்போறீங்க?

— பாத்ததத்தான். ஏணில ஏறிக் கட்டிக்கினு இருந்தான்னு.

— அடிச்சவங்க வக்கீலு அதத்தான்மா எதிர்பாக்கறாரு. வம்புக்குன்னே கட்டுனான், ஆத்திரத்துல அடிச்சிட்டாங்கன்னு முடிச்சிடுவாங்க.

— பொய் சொல்லச் சொல்றீங்களா? அந்த சேரு அவனுக்கு எதுக்கு சார்? சொன்னா கேக்க மாட்டான். திமிரு. அவன் திமிருதான் அவனக் கொன்னுச்சி. மூணு வருசமா அவன் போட்டோவுக்கு நான் ஒரு பூ வச்சதில்ல, தெரியுமா?

— சேர அவன் கேக்கலம்மா.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நீலச் சட்டை போட்ட போட்டோ ஒண்ணு அனுப்புனான். 'நல்லா பண்ணுண்ணா'ன்னான். அவ்ளோதான். திண்டிவனம் கடையில அந்த பேனருக்கு டிசைன் பண்ணவன் நான்தான்.

— நீயா?

— கல்யாண பேனரு கம்ப்யூட்டர்ல இருந்துச்சி. ஒடம்ப அப்படியே வுட்டுட்டு தலைய மட்டும் மாத்துனேன். எல்லாருக்கும் அப்படித்தான்மா பண்ணுவோம். எந்த ஊரு, எந்தத் தெருன்னு யாரும் பாக்கறதில்ல. அவனுக்குக் காட்டக்கூட இல்ல, பிரிண்ட் போட்டுட்டேன். பசங்க வந்து எடுத்துக்கினு போய்க் கட்டிட்டாங்க.

— அட பாவி. அவன் செத்தான், நீ படிக்கப் போய்ட்டியா?

— அதுக்கப்புறம் ஒருத்தன் தலைய வெட்டி ஒட்ட எனக்குக் கை வரலம்மா. கடைய வுட்டுட்டேன்.

— சரி, சேரு உன் வேல. ஏணி? அத என் கண்ணால பாத்தேனே! திமிரு இல்லாமத்தான் மேல ஏறிக் கட்டுனானா?

— அப்ப அவன் எங்கிட்டதாம்மா பேசிக்கினு இருந்தான். 'அண்ணா, இன்னாண்ணா இப்படிப் பண்ணிட்ட, ஊருல பிரச்சன ஆயிடும், நானே கழட்டிக்கினு இருக்கேன், சும்மா அந்த நீலச் சட்டை போட்டோவ வச்சி வேற பேனரு அடிச்சிக் குடு'ன்னான்.