ஸ்பெயின்காரனுக்கு ஒரு அர்ச்சனை

திங்கட்கிழமை காலை, ஹம்பேர்க் எஸ்-பான் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு தமிழ்ப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் ஒரு கால்பந்துக் கழகத்தில் விளையாட்டு வீரர்களின் உடுப்புத் தோய்க்கிறவர் என்பது பேச்சில் தெரிந்தது.

“எங்கட ஸ்பெயின்காரனுக்குப் போன வெள்ளி கோயில்ல அர்ச்சனை செய்தனான்.”

“ஆருக்கு அக்கா?”

“நடுவில நிண்டு விளையாடுறவன். முழங்கால் ஒப்பரேசன் செய்து ஏழு மாசமா விளையாடாமல் வெளியில வாங்கிலதான் குந்தியிருந்தவன். ஜூனோட கொன்ராக்ட் முடியுது. விளையாடாட்டி ஊருக்கு அனுப்பிப்போடுவாங்கள். என்னைக் கண்டால் ‘வணக்கம் அக்கா’ எண்டு தமிழில சொல்லுற பெடியன். பாவமெல்லே.”

“ஐயர் நட்சத்திரம் கேட்டிருப்பாரே?”

“கேட்டவர். எனக்கு எங்க தெரியும். என்ர மனுசன்ர நட்சத்திரத்தைச் சொல்லிப்போட்டன்.”

“ஐயோ அக்கா. பிறகு?”

“பிறகென்ன, நேற்று கடைசி இருபது நிமிசம் அவனை இறக்கினவங்கள். கோல் போட்டிட்டான். இண்டைக்கே கூப்பிட்டு இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கொன்ராக்ட் எழுதப்போறாங்களாம்.”

இளையவர் கைதட்டினார். பக்கத்தில் இருந்த ஜெர்மன் கிழவரும் ஏனென்று தெரியாமலே சிரித்தார்.

“அப்ப நட்சத்திரம் குடுத்த எங்கட அண்ணைக்கு ஒண்டும் கிடைக்கேல்லையோ?”

“ஏன் கிடைக்காது. கோல் தன்ர நட்சத்திரத்தில விழுந்ததெண்டு நேற்றுப் பின்னேரம் முழுக்க எல்லாருக்கும் ரெலிபோன் எடுத்துச் சொன்னது மனுசன். இண்டைக்கு முழங்கால் நோகுதெண்டு வேலைக்கு லீவும் போட்டிட்டுது.”