தட்டில் வளர்ந்த என் தோல்

...அப்பா தோலே சரியில்லையாம், தம்பி! எம் பொண்ணு சொல்றா. 'என் தோலைச் செருப்பாத் தைச்சுப் போடறேன்'னு பேச்சுக்குச் சொல்லுவாங்க. இவ நெஜமாவே என் கையிலேர்ந்து ஒரு பொட்டு வெட்டி, தட்டுல போட்டு வளர்க்கறா. உக்காருங்க, சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க. வெள்ளைக் கோட்டு... இந்த ஆய்வுக்கூடத்து ஆள்தானே? புதுசா? அதான் என்னைத் தெரியல.

மைக்ரோஆர்என்ஏவாம்! உங்களுக்குத் தெரியாததா... இருந்தாலும் நான் சொன்னா ருசியே தனி. தோலோட அடித்தட்டுல இருக்கற செல்லுக்கு, 'பெருகு, பெருகு'ன்னு மரபணு சீட்டு அனுப்பிக்கிட்டே இருக்கும். இந்தத் துளியூண்டு பய நடுவழியில போய்ச் சீட்டு மேல ஒட்டிக்குவான். சேதி அவ்ளோதான், செத்துது! செல்லு பெருகறதை விட்டுட்டு மேல ஏறி, முத்தி, காஞ்சு, உதிர்ந்துடும். எங்க வீட்லயும் ஒரு ஆள் உண்டு. அடுப்படியில இருக்கற மருமகனுக்கு 'மாப்ளே, இன்னொரு காப்பி'ன்னு நான் குரல் குடுத்தா, என் சம்சாரம் அதைக் கூடத்துலயே மடக்கிடுவா.

அந்தப் பயலைக் கட்டிப்போட்டா செல்லு முத்தாம இளசாவே இருக்கும்ங்கறது எம் பொண்ணோட கட்சி. நாலு வருஷ உழைப்பு! கட்டியும் போட்டா. போய்ப் பாத்தா அத்தனையும் முத்திக் கிடக்குதாம். என் தோலுக்குப் பிடிவாதமாம்! பின்ன, லேசுப்பட்ட தோலா இது? என்னைக் கடிச்ச கொசு ஒண்ணு மூக்கு ஒடிஞ்சு, வீட்டுக்கு நடந்தே போச்சு, தெரியுமா?

ஹும்... இப்ப உள்ளே ஆய்வுக்கூடத் தலைவர்கிட்ட, 'என் எண்ணமே தப்பு, ஆராய்ச்சியை மூடிடறேன்'னு சொல்லப் போயிருக்கா. கண்ணெல்லாம் வீங்கி...

நான் என்ன குறை வெச்சேன்? அன்னிக்குத் தோல் குடுக்க அவகூட வந்தப்ப பாக்கறேன், செல்லுக்கு ஊத்தற தீவனப் புட்டியில கொட்டை எழுத்துல 'கால்சியம் இல்லாதது'ன்னு ஒட்டியிருக்கு. வளர்ற புள்ளைங்களுக்குக் கால்சியம் இல்லாத சாப்பாடா? எங்கயாவது அடுக்குமா? பெத்த மனசு கேக்குமா, தம்பி? அவ அந்தாண்ட நகர்ந்ததும், என் முட்டிவலிக்கு டாக்டர் குடுத்த கால்சியம் மாத்திரை... தண்ணியில போட்டா புஸ்ஸுன்னு கரையுமே, அதான்... ஒண்ணைப் போட்டுக் குலுக்கி வெச்சேன். கையைக் கழுவிட்டுத்தான்!

என்ன, வாயில வெச்சதை முழுங்காம முழிக்கிறீங்க?

கால்சியம் பட்டாலே தோல் செல்லு முத்திடுமா? அப்ப... அவ எண்ணம் தப்பில்லையா?

அட, சாப்பாட்டை விட்டுட்டு எங்க ஓடறீங்க? அந்தக் கதவு இல்ல தம்பி, அடுத்தது! ஓடுங்க, ஓடுங்க! மாத்திரைன்னு மட்டும் சொல்லுங்க... யாரோட மாத்திரைன்னு... அதெல்லாம் எதுக்கு அவளுக்கு?