‘ஆட்டம் வேண்டாம்’ என்று எழுதிய அம்மையாருக்கு

துடிப்பைத் தணிக்கத் தெரிந்த தூயவரே! இரைச்சலைப் பரப்பியே இல்லாததுபோல் ஆக்கிய இணையற்றவரே! முப்பத்தோர் ஆண்டுகள் எங்களையெல்லாம் ஆட்டிவைத்தும், ஒரு நாளும் ஆட்டங்காணாத அம்மையே! நினைவகச் சில்லுப் பிரிவின் முதுநிலைப் பொறியாளராக இருந்து இன்று பணி ஓய்வு பெறுபவரே! வணக்கம்.

நினைவகச் சில்லு இயங்க, நொடிக்குப் பல கோடி முறை அடிக்கும் துடிப்பு ஒன்று வேண்டும். அது இம்மியும் பிசகாமல் ஒரே வேகத்தில் அடித்தால், அதிலிருந்து கிளம்பும் மின்காந்த இரைச்சல் அலைவரிசையில் ஒரே இடத்தில் குவிந்து, அளவீட்டுத் திரையில் ஊசியாய் எழும்பி, பக்கத்துக் கருவிகளைப் படாதபாடு படுத்தும். நாங்கள் தகடு போட்டு மூடினோம், மூடிக்கு மேல் மூடி போட்டோம், ஊசி மசியவில்லை. தாங்கள் வந்து பார்த்து, "சீரா துடிக்கிறதுதாங்க வம்பு. கொஞ்சம் ஆட்டி விடுங்க, பரவிப் போயிடும்" என்றீர்கள். துடிப்பின் வேகத்தை அரை விழுக்காடு மட்டும் குறைப்பதும் பழையபடி ஏற்றுவதுமாக நொடிக்கு முப்பதாயிரம் முறை ஆட்டினீர்கள். ஊசி தணிந்து மேடானது. சில்லோ தன் நினைவில் ஓர் எழுத்தைக்கூடத் தவறவிடவில்லை. அன்று முதல் அந்த உத்திக்கு எங்கள் அறையில் ‘ஆட்டம்’ என்று பெயர். தங்களுக்கு ‘ஆட்டிவைக்கிற அம்மா’ என்று பெயர். இது தங்கள் காதுக்கு எட்டவில்லை என்றே இத்தனை நாள் நம்பியிருந்தோம்.

கண்டிப்பிலும் கனிவு குறையாதவரே! அளவீட்டு அறைக்குள் கைப்பேசியோடு நுழைந்தால், அது தங்கள் பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும். மேலாளரானாலும் தப்ப முடியாது. வெளி அலை எதுவும் உள்ளே கசியாதிருக்க, கதவின் செப்பு விளிம்பைத் தங்கள் கையாலேயே துடைப்பீர்கள். தவறு செய்தவரைத் தனியே கூப்பிட்டுத் திட்டுவீர்கள். வெளியே வந்து அவருக்கும் சேர்த்துத் தேநீர் சொல்வீர்கள்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நடந்ததை இங்கே சொல்லாமல் விட்டால் இம்மடல் பொய்யாகிவிடும். அளவீட்டு அறையை இயக்கும் எங்கள் அளவுக்காரர் அன்றும் இன்றும் குறும்புக்காரர். விருந்தினர் வரவிருந்த ஒரு நாள், அவர் மேசைமேல் தாங்கள் ஒரு சீட்டு வைத்தீர்கள்: "இன்று ஆட்டம் வேண்டாம்." தாங்கள் சொன்னது அவருடைய சேட்டையை. அவர் எடுத்துக்கொண்டதோ துடிப்பின் ஆட்டத்தை. அன்று தொழிற்சாலைக்குப் போகவேண்டிய, சில்லின் துடிப்பைத் தீர்மானிக்கும் அமைப்புக் கோப்பில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, நல்ல பிள்ளையாய்க் கைகட்டி நின்றார்.

சில்லு பொருத்திய அறுநூறு மின்சுற்றுப் பலகைகள் அப்படியே வெளியே போயின. ஒரு மருத்துவமனையின் கருவி பார்ப்பவர் தொலைபேசியில் அழைத்து, "நோயாளி சும்மாதாங்க படுத்திருக்காரு, திரையில கோடுதான் துள்ளுது" என்றார். யாருக்கும் தீங்கு நேருமுன் அறுநூறையும் திரும்ப வரவழைத்தீர்கள். விசாரணையில், "ரெண்டு அர்த்தம் வர்ற மாதிரி எழுதினது நான். தப்பு என்னோடது" என்று சொல்லி அமர்ந்துவிட்டீர்கள். அவ்வாண்டு தங்களுக்கு வரவிருந்த பிரிவுத் தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது.

இரைச்சல் ஓரிடத்தில் குவியக்கூடாது என்று எங்களுக்குக் கற்பித்தவரே! பழியை மட்டும் ஏன் தங்கள் தலைமேல் குவித்துக்கொண்டீர்கள்?

அளவுக்காரர் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. சீட்டைப் பார்த்ததுமே அவருக்கு ஐயம் வந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு தங்கள் அறைக் கதவு வரை வந்தார். "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்டுவிடுவீர்களோ என்று கூச்சப்பட்டுத் திரும்பிவிட்டார். விசாரணையிலும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அதன்பின் தாங்கள் தேநீர் சொன்ன ஒவ்வொரு முறையும் கோப்பையைப் பாதியிலேயே வைத்துவிட்டார். நேற்று அனைத்தையும் எழுதி மேலாளரிடம் கொடுத்தார். தவறு யாருடையது என்ற வரி பதிவேட்டில் இன்று காலை திருத்தப்பட்டது. அதன் நகல், இம்மடலுக்குப் போட்ட கண்ணாடிச் சட்டத்தின் பின்பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது.

பதவியைத் திருப்பித் தர எங்களால் இயலாது. பெயரைத் திருப்பித் தந்துவிட்டோம்.

இனி விடியற்காலை மணியடித்துத் தங்களை எழுப்ப யாருமில்லை, விருப்பம்போல் உறங்குங்கள்! தங்கள் இதயம் என்றும் சீராகத் துடிக்கட்டும்; நாட்கள் மட்டும் கொஞ்சம் ஆட்டத்தோடு நகரட்டும்! நூறைத் தாண்டியும் எங்களை ஆட்டிவைக்க வாருங்கள். பிஸ்கட் டப்பா இருந்த இடத்திலேயே இருக்கும்.

என்றும் தங்கள் அன்பில்,
நினைவகச் சில்லுப் பிரிவின் பணியாளர்கள்

இதை எழுதியவனும் இப்போது விழா மேடையில் வாசித்துக்கொண்டிருப்பவனும் அந்த அளவுக்காரன்தான். அன்று கதவு வரை வந்து கேட்காமல் திரும்பிவிட்டேன். இன்று எல்லார் முன்னாலும் கேட்கிறேன்: மன்னிச்சிடுங்க அம்மா.