விசிலுக்குக் கீழே இருந்த துரு

இந்த நினைவஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் வழக்கறிஞர் புகழேந்தி அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் இருக்கும் பலராமன் சாரின் துணைவியார் திரௌபதி அம்மா அவர்களே, கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் சந்திரம்மாள் அவர்களே, கலீல் ரஹ்மான் பாய் அவர்களே, அவர் மனைவி பீபி ஜான் அவர்களே, சின்ன அளவில் மாதிரி ரயில் செய்யும் எங்கள் குழுவின் நண்பர்களே, நாளை பௌர்ணமி நெரிசல் என்று தெரிந்தும் இன்று வந்து சேர்ந்திருக்கும் அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் சந்திரகலா. பெண்கள் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியை. பலராமன் சார் செய்த சின்ன ரயில் எஞ்சின்களுக்குப் பத்து வருடங்களுக்கு மேலாகத் துருவும் கரியும் பூசியவள் நான்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரை மாமனிதர் என்றார்கள், மேதை என்றார்கள். அதைக் கேட்டிருந்தால் அவர் எழுந்து வெளியே போயிருப்பார். புகழ்ச்சி பிடிக்காது என்பதால் அல்ல. தனக்கு அந்தத் தகுதி இல்லை என்று அவர் உண்மையாகவே நம்பினார். ஏன் அப்படி நம்பினார்? அதைச் சொல்லாமல் இந்த மேடையிலிருந்து நான் இறங்கினால், அவருக்குச் செய்யும் மரியாதையாக இருக்காது.

1989ஆம் ஆண்டு. பலராமன் சார் அப்போது ஒரு சர்க்கரை ஆலையில் வரைபடம் போடுபவராக இருந்தார். அந்த ஆலை மூடிப் பல வருடமாகிவிட்டது, பெயர் வேண்டாம். ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் அவர் வீட்டு மாடியில் ஒரு வெளிநாட்டுப் பெரியவர் ஐந்து மாதம் வாடகைக்குத் தங்கினார். ஊருக்குத் திரும்பும்போது உள்ளங்கை நீளத்தில் உடைந்த ரயில் எஞ்சின் ஒன்றையும், மாதிரி ரயில் பத்திரிகைக் கட்டு ஒன்றையும் விட்டுவிட்டுப் போனார். சார் அந்த எஞ்சினைப் பழுது பார்த்தார். பிறகு தானே ஒன்று செய்தார். பிறகு அந்த மாடி அறை முழுவதும், எட்டடிக்குப் பன்னிரண்டடிப் பலகையில், தன் ஆலையையே செய்யத் தொடங்கினார். ஆலையின் புகைபோக்கி, எடைமேடை, கரும்பு வயல், அங்கிருந்து பெரிய ரயில் பாதைக்குப் போகும் ஆலையின் சொந்தத் தண்டவாளம், கழிவுப்பாகு டாங்கிகளை இழுக்கும் அந்தப் பழைய நீராவி எஞ்சின். எல்லாம் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில்.

கடையில் விற்கும் பொம்மை ரயில் பளபளவென்று இருக்கும். அவருக்கு அது பிடிக்காது. உழைக்கிற எஞ்சின் அழுக்காகத்தான் இருக்கும் என்பார். அதற்குத்தான் என்னைத் தேடி வந்தார். செங்கல் பொடியைப் பசையில் குழைத்தால் துரு. மண்ணெண்ணெய் விளக்கில் படிந்த கரியைத் தேய்த்தால் புகை. சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து மெல்லிய தூரிகையால் கீழே இழுத்தால், நீராவி கசிந்து காய்ந்த உப்புக்கறை. எங்கே துரு, எங்கே உப்பு என்பதை நான் கற்பனையில் போடக் கூடாது. அவர் ஆலைக்குப் போய்ப் படம் எடுத்து வருவார். படத்தில் எங்கே இருக்கிறதோ, அங்கேதான் பூச வேண்டும்.

1993 ஜனவரியில் அப்படி ஒரு படம் எடுத்து வந்தார். எஞ்சின் விசிலின் படம். ஊதுகிற விசிலுக்குக் கீழே வெள்ளையாக உப்புக்கறை வழிந்திருக்கும். இந்தப் படத்தில் வெள்ளை இல்லை. வெறும் துரு. பழைய துரு. அவர் எஞ்சின் ஓட்டுநரிடம் கேட்டிருக்கிறார்.

“ஏங்க, விசிலு ஊதறதில்லையா?”

“கொஞ்ச நாளா இல்லீங்க. ஸ்டீமு ஜாஸ்தியா லீக் ஆவுதுன்னு வால்வ அடைச்சிட்டாங்க. ரோடு வந்தா நாங்களே கத்தறதுதான்.”

சார் பட்டறைப் பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னார். அவர் சிரித்தார். “உங்க பொம்மைக்கு விசிலு எதுக்குங்க? போய் வேலையப் பாருங்க” என்றார். சார் திரும்பி வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னார்: “டீச்சர், இங்க வெள்ளை வேணாம். துரு மட்டும் போடுங்க. இந்த விசிலு செத்துப் போச்சு.”

நான் போட்டேன். மூன்று பூச்சு. மிக நன்றாக வந்தது. நாங்கள் இருவரும் அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம். அதை நான் மறைக்க விரும்பவில்லை. சந்தோஷப்பட்டோம்.

அந்த ஏப்ரலில், ஒரு காலை ஆறு மணிக்கு, வேர்க்கடலை பிடுங்கப் போகும் பதினோரு பெண்களை ஏற்றிக்கொண்டு கலீல் பாய் வேன் ஓட்டி வந்தார். ஆலைத் தண்டவாளம் ரோட்டைக் கடக்கும் இடத்தில் கேட் கிடையாது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு. கரும்புக்குள்ளிருந்து டாங்கிகளைத் தள்ளிக்கொண்டு எஞ்சின் வந்தது. பொன்னி, சரசு, கஸ்தூரி. மூன்று பேர் அங்கேயே போய்விட்டார்கள். சரசுவின் தாயார்தான் இங்கே இருக்கும் சந்திரம்மாள்.

கலீல் பாய் கால் உடைந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதே கைது செய்யப்பட்டார். ஆலை என்ன சொன்னது தெரியுமா? எஞ்சின் மூன்று முறை விசில் ஊதியது, வேன்காரர்தான் கேட்காமல் வந்தார் என்றது. ஊரும் நம்பியது. அவர் வீட்டு வாசலில் நின்று திட்டியவர்கள் உண்டு. பீபி ஜான் அக்கா கடைக்குப் போக முடியவில்லை.

செய்தியைக் கேட்ட அன்று சார் மாடி அறைக்குள் போனார். நானும் போனேன். அந்தச் சின்ன எஞ்சினைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “ஊதலீங்க டீச்சர். அது ஊதியிருக்கவே முடியாது. எனக்குத் தெரியும். எனக்கு மூணு மாசமாத் தெரியும்” என்றார். எனக்கும் தெரியுமே.

சார் தன்னிடம் உள்ள படங்களைக் கோர்ட்டில் கொடுக்கப் போகிறார் என்று தெரிந்ததும் ஆலையிலிருந்து ஆள் அனுப்பினார்கள். படங்களைத் தங்களிடமே கொடுத்துவிட்டால் வேலை இருக்கும் என்றார்கள். வீட்டில் என்ன நடந்தது என்பதைத் திரௌபதி அம்மா நேற்று என்னிடம் சொன்னார். அவர் வார்த்தையிலேயே சொல்கிறேன். “வேல போனா சோத்துக்கு என்னா பண்றதுன்னு கேட்டேன். தெரியலன்னாரு. ராத்திரி பூரா யோசிச்சேன். காலைல, சரி, போய் உள்ளதச் சொல்லுங்கன்னேன்.”

சாருக்கு வேலை போயிற்று. அதன் பிறகு மேஸ்திரிகளுக்கு வீட்டு பிளான் வரைந்து கொடுத்துத்தான் அந்தக் குடும்பம் பிழைத்தது.

வழக்கு நான்கு வருடம் நடந்தது. அந்த எஞ்சினையும், ரோடு கடக்கும் இடத்தின் மாதிரியையும் மாட்டுவண்டியில் ஏற்றிக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனோம். இங்கே தலைமை வகிக்கும் புகழேந்தி சார்தான் கலீல் பாய்க்காக வாதாடினார். தேதியிட்ட படங்களையும் மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: “நீங்க பொம்மை செய்யறவர்தானே?”

“ஆமாங்க. பாத்தத மட்டும்தான் செய்வேன். பாக்காதது எதையும் வெக்க மாட்டேன்.”

“ஜனவரியிலயே தெரியும்னு சொல்றீங்க. அப்புறம் ஏன் சும்மா இருந்தீங்க?”

சார் நீதிபதியைப் பார்த்து, “ஒரு தடவ சொன்னேங்க. ரெண்டாவது தடவ சொல்லல” என்றார்.

அந்தப் பதில் வழக்குக்குத் தேவையே இல்லை. கேள்வியைத் தட்டிக் கழித்திருக்கலாம். புகழேந்தி சாரே பிறகு அவரிடம் கேட்டார், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

1997இல் கலீல் பாய் விடுதலையானார். நாங்கள் கொண்டாடினோமா? இல்லை. ஆலைமேல் எந்த வழக்கும் வரவில்லை. அடுத்த வருடம் ஆலையை மூடி, எஞ்சினை இரும்பு விலைக்குப் போட்டார்கள். கலீல் பாய் வேன் ஓட்டுவதையே விட்டுவிட்டார். மூன்று பெண்கள் திரும்பி வரவில்லை.

தீர்ப்பு வந்த வாரமே சார் சந்திரம்மாளின் வீட்டுக்குப் போனார். என்னையும் அழைத்துப் போனார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?” என்று அந்த அம்மா கேட்டார்.

“தெரியும்மா.”

“சரி. போ.”

கதவைச் சாத்திக்கொண்டார். அது நியாயம்தான். சாரும் அப்படித்தான் சொன்னார்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த சந்திரம்மாள், யாரும் எதிர்பார்க்காமல் செங்கம் ரோட்டு மாடிக்கு ஏறி வந்தார். பலகையைச் சுற்றி வந்து பார்த்தார். ஆலை இருந்தது, கரும்பு இருந்தது, எஞ்சின் இருந்தது. ரோடு காலியாக இருந்தது.

“வேன வெக்கலியா?”

“வெக்க முடியலம்மா.”

“வெய்யி. வெக்காம உட்டா அங்க ஒண்ணுமே நடக்கலன்னு ஆயிடும். எம்பொண்ணு அதுல பின்னாடி சீட்டுல, எடது கைப்பக்கம் குந்தியிருந்தா. மஞ்சப் பொடவ.”

சார் அந்த வேனைச் செய்ய எட்டு மாதம் எடுத்துக்கொண்டார். நகத்தளவுப் புடவைக்கு நான் மஞ்சள் பூசினேன்.

அதற்குப் பிறகு அவர் அழகுக்காக எதையும் செய்யவில்லை. நம் மாவட்டத்தில் கேட்டும் காவலரும் இல்லாமல் ரோடு தண்டவாளத்தைக் கடக்கும் இடங்களை ஒவ்வொன்றாக அளக்கத் தொடங்கினார். வேன் ஓட்டுநரின் கண் உயரத்தில் நின்று பார்த்தால், ரயில் எத்தனை மீட்டர் தூரத்தில் வரும்போது கண்ணுக்குத் தெரியும்? அதை அளந்து மாதிரி செய்வார். அதை வேன் ஸ்டாண்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தூக்கிக்கொண்டு போவார். ஓட்டுநர்களைக் குனிந்து பார்க்கச் சொல்லுவார். மனுவும் கொடுப்பார். ஒன்பது இடங்களுக்கு மாதிரி செய்தார். அதில் எத்தனை இடத்தில் மாற்றம் வந்தது? ஒரே ஓரிடத்தில், மறைத்துக்கொண்டிருந்த வேலிக்காத்தான் புதரை வெட்டினார்கள். அவ்வளவுதான். அவர் அலுத்துக்கொள்ளவில்லை. “ஒண்ணாவது வெட்டனாங்களே டீச்சர்” என்று சொல்லிவிட்டு, பத்தாவது இடத்துக்குக் கிளம்பினார்.

2004 ஏப்ரல் பதினெட்டாம் தேதி, கீழ்பென்னாத்தூரைத் தாண்டி அந்தப் பத்தாவது இடம். பகல் பதினொரு மணி வெயில். அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்து நான் ரோட்டில் நின்றேன். மறுமுனையோடு அவர் தண்டவாளத்தின் ஓரமாக நடந்துபோனார். வளைவில் மறைந்தார். நாற்பத்தொன்று என்று குரல் வந்தது. நான் எழுதினேன். அடுத்த எண்ணுக்காகக் காத்திருந்தேன். நாடா தொய்ந்துவிட்டது. இழுத்தேன். எதிர்ப்பே இல்லாமல் என் பக்கம் வந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தபோது சரளைக் கல்லின் மேல் ஒருக்களித்துக் கிடந்தார். மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். ஆட்டோ கிடைக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அதுவரை அவர் தலை என் மடியில்தான் இருந்தது. கடைசி வார்த்தை என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

அவையோரே, தனக்குத் தெரிந்ததை இரண்டாவது தடவை சொல்லாமல் விட்டோமே என்று பதினோரு வருடம் நொந்தவர் அவர். நம்மில் எத்தனை பேர் ஒரு தடவையாவது சொல்லியிருக்கிறோம்? பார்த்துவிட்டுப் போகவில்லையா? சிரித்தவர்களோடு சேர்ந்து சிரிக்கவில்லையா? அவரை மன்னிக்கும் உரிமை எனக்குக் கிடையாது. அது சந்திரம்மாளுக்கும் மற்ற இரண்டு வீட்டாருக்கும் உரியது. அந்த அம்மா இன்று வந்திருக்கிறார். ஏன் வந்தார் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்க வேண்டாம்.

நாம் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். படத்துக்கு மாலை போட்டுவிட்டுக் கலைந்து போகாமல், மிச்சமிருக்கும் இடங்களை அளப்போம் என்று எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. மாதிரிகளைச் செய்வோம். ஊர் ஊராகக் கொண்டுபோவோம். ஒரு தடவை சொல்லிக் கேட்காவிட்டால் மறுபடி போவோம். அதற்கும் கேட்காவிட்டால் அதற்கடுத்த தடவையும் போவோம். இதை அவர் படத்தின் முன்னால், திரௌபதி அம்மாவின் முன்னால், உறுதியாகச் சொல்கிறேன்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பஸ் நிலையத்திலிருந்து புறப்படுகிறோம். நாடாவின் மறுமுனையைத் தான் பிடிப்பதாகக் கலீல் பாய் சொல்லியிருக்கிறார். வர விரும்புகிறவர்கள் தொப்பியும் தண்ணீரும் கொண்டு வாருங்கள்.

அந்தப் பத்தாவது இடத்தில் ஒரு பக்கம்தான் அளந்திருக்கிறோம். மறுபக்கம் எத்தனை மீட்டர் தெரியும் என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கத்திலிருந்தும் ரயில் வருகிறது.