பனி வீட்டின் பின்வாசல்

எனக்கு வரிசையில் நிற்பது பிடிக்கும். சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் உண்மை. ரேஷன் கடையோ ஆதார் சென்டரோ, எங்கே போனாலும் கடைசி ஆள் யார் என்று கேட்டு அவருக்குப் பின்னால் நின்றுகொள்வேன். கல்யாண வீடுகளில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அவர் எப்போது பாயசத்துக்கு வருவார் என்று இலையை எட்டிப் பார்ப்பார்களே, அது எனக்கு ஆகவே ஆகாது. "ஒங்களுக்குப் பந்தியிலகூட டோக்கன் குடுக்கணும்" என்று என் மனைவி ஜெபஷீலா கேலி பண்ணுவாள்.

இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் வெள்ளைத்தாளைக் கொடுத்து நடந்ததை நடந்தபடி எழுது என்றீர்கள். என் பெயர் ஏசுதாசன். வயது நாற்பத்தேழு. கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவில் இருக்கும் சிட்டுக்குருவி பார்க்கில் வரிசை சூப்பர்வைசராக இருந்தேன். என் இடது காது கேட்காது என்பதை முதலில் எழுதச் சொன்னார் வக்கீல். கேட்காதுதான். அது எப்படிப் போனது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பார்க் இருக்கும் இடம் முன்பு திராட்சைத் தோட்டம். அங்கே இருந்த கோல்டு ஸ்டோரேஜில் பன்னிரண்டு வருடம் நான் மெக்கானிக். பிறகு தேனி பஜாரில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் வைகுண்டராஜ் அண்ணாச்சி தோட்டத்தை வாங்கி, சறுக்கு, ராட்டினம் எல்லாம் போட்டார். கோல்டு ஸ்டோரேஜை இடிக்காமல் பனி வீடு ஆக்கினார். பெரிய ஹால், தரையெல்லாம் மெஷின் தூவும் பனி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெயிலில் நிற்பவர்கள் உள்ளே இருப்பவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஒரு பேட்சுக்கு நாற்பது பேர், பதினைந்து நிமிடம். அந்த நாற்பதை எண்ணி விடுவதுதான் என் வேலை. அதை நான் நன்றாகச் செய்தேன்.

பிறகு கோல்டு பேண்டு வந்தது. கூடுதலாக ஐந்நூறு ரூபாய் கட்டினால் மணிக்கட்டில் தங்க நிறத்தில் ஒரு பட்டை ஒட்டிவிடுவார்கள். அதைக் காட்டி வரிசையைத் தாண்டிப் போகலாம். வாங்கியவர்களில் பாதிப் பேருக்குக் கூச்சம்தான். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, போன் பேசுகிற மாதிரி வேகமாகப் போவார்கள். சிலர் கையைத் தூக்கிக்கொண்டே போவார்கள். நிற்பவர்கள் முதலில் கிண்டல் பண்ணினார்கள், பிறகு திட்டினார்கள். "ஏலே, நாங்க என்ன ஓசியிலயா வந்திருக்கோம்?" என்று காகிதக் கப்பைக் கசக்கி எறிந்தார்கள். அவர்கள் கேட்டதில் தப்பு இல்லை. ஆனால் கப் என் மேல்தான் விழுந்தது.

காணும் பொங்கல் அன்று ஒரே குடும்பத்தில் பதினோரு பேர் பட்டையோடு வந்தார்கள். நான் அவர்களை உள்ளே விட்டபோது வரிசை உடைந்தது. இரும்புக் குழாய்த் தடுப்பு என்மேல் சாய்ந்தது, நான் அடியில் கிடந்தேன், என்மேல் நடந்துதான் எல்லோரும் போனார்கள். யாருக்கும் என்மேல் கோபம் இல்லை. என்னை யாரும் பார்க்கவே இல்லை. ஒரு செருப்பு என் காதின்மேல் நின்று, நின்ற இடத்திலேயே திரும்பியது. அன்றிலிருந்து எனக்குக் கூட்டம் என்றால் பயம். சாதாரணப் பயம் இல்லை மேடம். பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேர் ஓடினால்கூட உள்ளங்கை வேர்த்துவிடும், மூச்சு பாதியில் நின்றுவிடும். வேலையை விட்டிருக்கலாம். அப்போது என் இரண்டு பெண்பிள்ளைகள் காலேஜில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

கோல்டு ஆட்களைப் பின்வாசல் வழியாக விடலாம் என்ற யோசனை என்னுடையது. திராட்சையை நேராகப் பெரிய அறைக்குள் வைக்க மாட்டோம். பறித்து வந்த சூடு இறங்க, முதலில் ஒரு சின்ன அறையில் வைத்துப் பெரிய விசிறியால் குளிர்காற்றை அடிப்போம். அந்த அறைக்குப் பின்பக்கம் ஒரு கதவு, ஹாலுக்குள் ஒரு கதவு. கோல்டு ஆட்கள் பின்பக்கமாக வந்து அந்த அறையில் விசிறி இல்லாமல் ஐந்து நிமிடம் இருப்பார்கள். நான் முன்வரிசை நாற்பதை ஹாலுக்குள் விட்டதும் உள்கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிடுவேன். கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிடுவார்கள். வெளியே நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சண்டை நின்றது. அண்ணாச்சி எனக்கு ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் நம் ஆட்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஒருவர் மட்டும் பட்டை வாங்கி உள்ளே போவார். போனதும் உள்ளிருந்து பின்கதவைத் திறந்து, காதுகுத்துக்கு வந்த வேன் மொத்தத்தையும் "வாங்க, வாங்க" என்று இழுத்துக்கொள்வார். ஒருநாள் கண்ணாடிக்கு வெளியே நின்ற ஒருவர் உள்ளே இருப்பவர்களை விரலால் எண்ண ஆரம்பித்தார். ஐம்பத்தேழு வரை எண்ணிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்று சாயங்காலம் பின்கதவின் உள்பக்கம் இருந்த குமிழைக் கழற்றினேன். நான்கு திருகாணி. என் மேஜை டிராயரில் தீப்பெட்டிக்குள் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளலாம்.

அந்தக் குமிழ் எதற்கு என்று தெரியாமல் கழற்றினேன் என்று சொல்ல மாட்டேன். திராட்சைக் காலத்தில் அம்மாவாசி என்ற லோடுமேன் அதே அறையில் மாட்டிக்கொண்டார். எட்டு நிமிடம்தான். வெளியே எடுத்தபோது தன் பெயரைச் சொல்ல வரவில்லை அவருக்கு. அதன் பிறகுதான் உள்ளிருந்து அழுத்தித் திறக்கும் குமிழ் வைத்தோம். வைத்தவன் நான்தான்.

மே மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். வரிசையில் முந்நூறு பேர் இருக்கும். பின்வாசல் கவுண்டரில் இருக்கும் செல்வின் சாப்பிடப் போனதால், கொஞ்ச நேரம் நான் அங்கே நின்றேன். மணி இரண்டே முக்கால். ஒரு அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்தார். சந்தனம்மாள் என்ற பெயர் எனக்குப் பிறகுதான் தெரியும். கையில் பட்டை இருந்தது, அதை முந்தானையால் மூடியிருந்தார்.

"எல்லாரும் வெயில்ல நிக்கிறாக. நான் மட்டும் எப்படிய்யா பின்னாடி கூடிப் போறது?" என்றார். "முட்டி வலிக்கும்னு மகன் இத வாங்கி ஒட்டி விட்டுட்டான். நான் வரிசைக்கே போயிர்றேனே."

"யாரும் பாக்க மாட்டாகம்மா. அஞ்சு நிமிசம், உள்ள உக்காருங்க" என்றேன்.

முப்பது வருடம் ஜீப்பில் மலைக்குப் போய் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை செய்தவராம். "குளிரு எனக்குப் பழக்கந்தான்யா. பனிக்கட்டிதான் பாத்ததில்ல" என்று சிரித்தார். நான் கதவைச் சாத்தினேன். குளிர் பழக்கம் என்று அவர் சொன்னதை அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் முன்பக்கம் வந்து சேர்வதற்குள் பனி மெஷின் அடைத்துக்கொண்டது. ஹாலில் இருந்தவர்களை வெளியேற்றினோம். செல்வின் திரும்பி வந்ததும் பின்வாசல் கவுண்டரை மூடச் சொல்லி, மெஷினைப் பார்க்க அனுப்பினேன். அந்த அறையில் ஆள் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஹால் காலி. இப்போது உள்கதவைத் திறந்தால், முந்நூறு பேர் பார்க்க, சுவருக்குள்ளிருந்து ஒரு அம்மா தங்கப் பட்டையோடு நடந்து வருவார். பின்கதவைத் திறந்துவிட்டாலும், சொன்னபடி அந்தப் பட்டையோடு நேராக வரிசைக்கே வந்து நிற்பார். வரிசையின் முன்னால் நின்ற தடித்த ஆள் ஒருவர், "கோல்டுன்னு எவனாச்சும் உள்ள வந்தான், கண்ணாடிய ஒடச்சிருவோம்" என்று கத்திக்கொண்டிருந்தார். பின்னால் தள்ளத் தொடங்கியிருந்தார்கள். குழாய்த் தடுப்பு ஒரு விரல்கடை நகர்ந்ததை நான் பார்த்தேன்.

அப்போதுதான் என் பக்கத்தில் இருந்த சின்ன அறைச் சுவரிலிருந்து தட்டும் சத்தம் வந்தது. முதலில் மெதுவாக, பக்கத்து வீட்டில் ஏதோ இரவல் கேட்க வந்தவர் தட்டுகிற மாதிரி. வழக்கமாக மெஷின் இரைச்சலில் எதுவும் கேட்காது. அன்று மெஷின் நின்றிருந்தது.

வரிசையில் முதல் ஆளாக நீலக் கட்டம்போட்ட சட்டை போட்ட பையன் நின்றான். இருபத்தைந்து வயது இருக்கும். அமைதியான பையன். "அண்ணே, செவுத்துக்குள்ள யாரோ தட்டுற மாதிரி இருக்குண்ணே" என்றான்.

"மெஷின் ரிப்பேர் பாக்குறாக தம்பி" என்றேன்.

வக்கீல் காதைப் பற்றி எழுதச் சொன்னது இந்த இடத்துக்காகத்தான். ஆனால் மேடம், அன்று அந்தச் சுவர் என் வலப்பக்கம் இருந்தது.

சத்தம் கூடியது. இன்னும் நாலு பேர் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள். சுவிட்ச் போர்டு என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. சின்ன அறையின் விசிறியைப் போட்டேன். அதற்குப் பெரிய இரைச்சல். தட்டுவது கேட்கவில்லை. எல்லோரும் மறுபடி முன்னால் பார்த்தார்கள். என் மூச்சும் சரியானது.

அந்த விசிறி நாற்பது டிகிரி வெயிலில் பறித்து வந்த திராட்சையின் சூட்டை இறக்குவதற்கானது. ஆட்களுக்குக் கொடுக்கும் கோட்டு எல்லாம் அன்று ஹாலில் கிடந்தது. அந்த அம்மா நூல் சேலை கட்டியிருந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

மூன்றே முக்காலுக்கு மெஷின் ஓடியது. முதல் நாற்பதை விட்டேன். வழக்கப்படி அப்போது தாழ்ப்பாளை எடுத்திருக்கலாம். ஆனால் உள்ளே ஒரு மணி நேரம் ஆகிவிட்டதே. இத்தனை நேரம் இருந்தவர் சும்மா வந்து கலந்துவிடுவாரா? அழுவார், சத்தம் போடுவார், கண்ணாடி வழியாக எல்லோரும் பார்ப்பார்கள். அடுத்த பேட்சில் விடலாம் என்று நினைத்தேன். அடுத்த பேட்சில் இன்னும் நேரம் கூடியிருந்தது.

முதல் பேட்ச் வெளியே போகும்போது நீலச் சட்டைப் பையன் என்னிடம் வந்தான். "அண்ணே, எங்கம்மா கோல்டு பேண்டு கட்டி முன்னாடியே வந்தாக. முட்டி வலிக்காரம்மா. பாத்தீகளா? போனுகூட எங்கிட்டதான் இருக்கு." அவன் நின்ற இடத்திலிருந்து உள்கதவு ஆறு எட்டுத் தூரம்தான். கையில் ஒரு பிடி பனி வைத்திருந்தான், அம்மாவிடம் காட்டவோ என்னவோ. விரலிடுக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"கோல்டு ஆளுக எல்லாம் அப்பவே வெளிய போயாச்சு. அங்கன மரத்தடியில பாருங்க" என்றேன்.

"சரிண்ணே" என்று போனான். சூரியபிரகாஷ் என்று பிறகு சொன்னீர்கள். பார்க் முழுக்க அவன் தேடினான். மைக்கில் இரண்டு தடவை பெயர் சொன்னார்கள். பனி வீட்டுப் பக்கம் மைக் சத்தம் நன்றாகவே கேட்கும்.

ஆறு பத்துக்கு வரிசை முடிந்தது. கடைசி ஆள் போனதும் விசிறியை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தேன். அந்த அம்மா கதவோரத்தில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தொட்டுப் பார்த்தேன். பிறகு அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். உங்களுக்குப் போன் செய்தது அண்ணாச்சி.

இதுவரை எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். பயந்துபோன ஒருவன், யோசிக்க நேரமில்லாமல் தப்புச் செய்துவிட்டான் என்பது போல் இருக்கிறது. ஒன்றை விட்டுவிட்டேன். என் சட்டைப் பையில் நீங்கள் எடுத்த தங்கப் பட்டை எப்படி வந்தது என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள்.

உள்கதவின் அடியில் ரப்பர் கிழிந்து கொஞ்சம் சந்து உண்டு. இரண்டாவது பேட்ச் உள்ளே இருந்தபோது, நாலு இருபது இருக்கும், அந்த இடத்தில் பனியின்மேல் பட்டை கிடந்தது. மகன் என்னிடம் கேட்டுவிட்டுப் போய் இருபது நிமிடம் ஆகியிருந்தது. பட்டையை ஒட்டினால் கழற்ற முடியாது, வெட்டத்தான் வேண்டும். அந்த அம்மா பல்லால் கடித்து அறுத்திருக்கிறார். வேண்டாம், திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுக்கிற மாதிரி வெளியே தள்ளியிருந்தார். வரிசைக்காரர் யாராவது பார்த்தால் என்ன ஆவது என்று குனிந்து எடுத்துப் பையில் போட்டேன். குனிந்தபோது சந்தில் இரண்டு விரல் நுனி தெரிந்தது. அசைந்துகொண்டிருந்தது. ஒரு குழந்தை பந்தை எடுக்க அந்தப் பக்கமாக ஓடிவந்தது. நான் காலால் பனியைத் தள்ளி அந்தச் சந்தை மூடினேன். நன்றாக மிதித்து இறுக்கினேன். போர்டுக்குப் போய் விசிறியை இன்னும் கூட்டி வைத்தேன்.

நான் கெட்டவன் இல்லை மேடம். அன்று முந்நூறு பேரும் அவரவர் முறைப்படி உள்ளே போனார்கள், ஒரு குழந்தைக்குக்கூட அடி படவில்லை.

இதில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு உதவி கேட்டுக்கொள்கிறேன். ஸ்டேஷன் வாசலில் காலையிலிருந்து ஆள் கூடிக்கொண்டே இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், முன்னால் அந்த நீலக் கட்டம்போட்ட சட்டை நிற்கிறது. நீங்கள் தனியாக ஒரு காவலரை வைத்தால் அதற்கு ஆகும் செலவைக்கூட நான் கட்டிவிடுகிறேன். கோர்ட்டுக்குக் கூட்டிப் போகும்போது என்னை மட்டும் பின்வாசல் வழியாக விட்டுவிடுங்கள்.