பிஸ்டன் ரெண்டு தடவ மேல வரும்

— விரலை எடுக்காதீங்க வாத்தியாரே. பிளக் கழட்டின ஓட்டையை அடைச்ச மாதிரியே வச்சிருங்க.

— வச்சுத்தான் இருக்கேன் மெக்கானிக்கம்மா. ஒண்ணும் தெரியலையே.

— நான் இன்னும் இன்ஜினைச் சுத்தவே ஆரம்பிக்கல. அதுக்குள்ள என்ன தெரியும்?

— அதாவது, நான் வெறும் கார் ரிப்பேருக்காக வரல. உங்களுக்கே தெரியும்.

— தெரியாம என்ன? என் பொண்ணை உங்க பையனுக்குக் கேட்டு நாலாவது தடவையா வந்திருக்கீங்க. வர்றவர் சும்மா வராம, செத்த காரைக் கயிறு கட்டி இழுத்துட்டு வந்திருக்கீங்க. சம்பந்தம் பேச வர்ற லட்சணமா இது?

— அது இல்ல சம்பந்தி...

— சம்பந்தியா? நான் இன்னும் சரின்னே சொல்லல. கார் ஓடட்டும், அப்புறம் என் பதிலைச் சொல்றேன். அதுவரைக்கும் மெக்கானிக்கம்மாவே போதும்.

— கார் ஓடினா நிச்சயமா சொல்லுவீங்களா?

— சொல்றேன். இப்ப நீங்க சொல்லுங்க. என்ன பண்ணீங்க இதை?

— டிஸ்ட்ரிபியூட்டரைக் கழட்டினேன்.

— எதுக்கு?

— சுத்தம் பண்ணலாம்னு. புத்தகத்துல படம் போட்டு எழுதியிருந்தது.

— நாலு சிலிண்டருக்கும் முறை வச்சு கரெண்டு அனுப்பற சாமான் அது. சும்மா கிடந்ததை நோண்டிட்டு, வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்ட கதை.

— திரும்ப ஒழுங்காத்தான் மாட்டினேன். முதல் பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் மாட்டணும்னு போட்டிருந்தது. ஓட்டையில பென்சிலை விட்டுப் பார்த்தேன். உச்சிக்கு வந்துது, மாட்டினேன். சாவியைத் திருப்பினா டமார்னு வெடிச்சுது. பக்கத்து வீட்டு நாய் ரெண்டு நாளா சாப்பிடல.

— எந்த உச்சி?

— அதென்ன எந்த உச்சி? உச்சி ஒண்ணுதானே?

— இங்கதான் கோட்டை விட்டுட்டீங்க. பிஸ்டன் ரெண்டு தடவ மேல வரும். கேளுங்க. முதல்ல கீழ இறங்கும், பெட்ரோலும் காத்தும் கலந்து உள்ள இழுக்கும். அப்புறம் மேல ஏறும், இழுத்ததை அமுக்கும். அங்கதான் தீப்பொறி. எரிஞ்சு பிஸ்டனைக் கீழ தள்ளும். மறுபடி மேல வரும், புகையை வெளிய துப்பும். ஆக மேல வர்றது ரெண்டு தடவ. ஒண்ணு அமுக்க, ஒண்ணு துப்ப. நீங்க துப்பற நேரத்துல கொளுத்தியிருக்கீங்க.

— பென்சிலுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதானே தெரியும்?

— அதான் பென்சிலை விட்டுட்டு விரலை வைக்கச் சொன்னேன். அமுக்க வரும்போது வால்வு ரெண்டும் மூடியிருக்கும், காத்து விரலைத் தள்ளிரும். துப்ப வரும்போது ஒரு வால்வு திறந்திருக்கும், அந்த வழியா போயிடும், விரலுக்குத் தெரியாது.

— புத்தகத்துல இது இல்லையே.

— அடுத்த பக்கத்துல இருக்கும். புரட்டினீங்களா?

— புரட்டல. கை பூரா கிரீஸ். நூலகப் புத்தகம், கறையாயிடுமேன்னு...

— கிழிஞ்சுது போங்க. புத்தகம் பத்திரமா இருக்கு, கார்தான் போச்சு.

— சிரிங்க சிரிங்க. நாலு தடவ வந்தும் எனக்கு ஒரு பதில் வரல. முதல் தடவ, அண்ணன்கிட்ட கேக்கணும்னீங்க. நான் உங்க அண்ணனைத் தேடிப் போய்க் கேட்டா, தங்கச்சிகிட்ட கேளுங்கன்னாரு. ரெண்டாவது தடவ வந்து அதைச் சொன்னா, பார்க்கலாம்னீங்க. மூணாவது தடவ, கடையில வேலை குவிஞ்சிருக்குன்னீங்க.

— நீங்க மட்டும் என்ன? நீங்களே ஒரு இன்ஜின்தான். முதல் தடவ வந்து நாலு கிளாஸ் டீயை இழுத்தீங்க. ரெண்டாவது தடவ என்னைப் பதில் கேட்டு அமுக்கினீங்க. மூணாவது தடவ வெடிச்சீங்க. இன்னைக்குப் புகையா வெளிய போக வேண்டியதுதான் பாக்கி.

— பதில் வாங்காம போக மாட்டேன். அதாவது, இந்த அமுக்கறது இருக்கே, அது ரொம்ப நாளா யாரும் சரியா செஞ்சு காட்டல தெரியுமா? முன்னாடி வந்த இன்ஜின்ல வாயுவையும் காத்தையும் அமுக்காமலே கொளுத்தினாங்க. குடிச்சது குடம், குடுத்தது சொட்டு.

— ஆரம்பிச்சுட்டீங்களா பாடத்தை? சரி, சொல்லுங்க. எனக்கும் ஸ்பேனர் தேடணும்.

— ஒரு பிரெஞ்சுக்காரர், போ த ரோஷான்னு பேரு. ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்திரண்டுல, நீங்க சொன்ன நாலு ஓட்டத்தையும் வரிசையா எழுதி அச்சடிச்சுட்டாரு.

— எழுதினாரு சரி. செஞ்சாரா?

— செய்யல.

— அப்ப அவர் உங்க ஆளு.

— பதினாலு வருஷம் கழிச்சு ஓட்டோன்னு ஒரு ஜெர்மன்காரர். மளிகைச் சாமான் விக்க ஊர் ஊரா அலைஞ்ச ஆளு. அவர்தான் செஞ்சு ஓட்டிக் காட்டினாரு. காப்புரிமையும் வாங்கினாரு.

— இவர் எங்க ஆளு.

— பத்து வருஷத்துல அந்தக் காப்புரிமை போச்சு. எதிராளிங்க பிரெஞ்சுக்காரர் அச்சடிச்ச பழைய காகிதத்தைத் தோண்டி எடுத்துட்டாங்க. முதல்ல சொன்னவர் வேற ஆளுன்னு ரத்து ஆயிடுச்சு.

— அநியாயம். சமையல் குறிப்பு எழுதினவருக்கு மாலை, அடுப்புல வெந்தவருக்கு வெறுங்கையா?

— ஆனா இன்னைக்கும் அதுக்கு ஓட்டோ சுழற்சின்னுதான் பேரு.

— அப்ப சரி. ஊருக்கு உண்மை தெரிஞ்சிருக்கு. இதையும் கேட்டுக்கோங்க. நாலு ஓட்டத்துல எரியற அந்த ஒண்ணுதான் உழைக்குது. அது சுத்தி விட்ட கனமான சக்கரம் ஒண்ணு இருக்கு, மீதி மூணையும் அதுதான் இழுத்துட்டுப் போகுது.

— எங்க ஸ்கூல் ஸ்டாஃப் ரூமும் அப்படித்தான் இருந்தது.

— அதுல நீங்க எந்த ஓட்டம்?

— புகை.

— பரவால்ல, பொய் சொல்ல வரல உங்களுக்கு. இந்தாங்க, தண்ணி குடிங்க. ஒரு மணி நேரமா தொண்டை வத்தப் பேசறீங்க.

— இவ்வளவு பேசி நாளாச்சு மெக்கானிக்கம்மா. என் வீட்டுக்காரி இருந்தவரைக்கும் பேச்சை நிறுத்துங்கன்னு கையெடுத்துக் கும்பிடுவா. அவ போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. பையன் ஆஸ்பத்திரி டியூட்டி முடிச்சு வந்தா, சாப்பிட்டியான்னு கேப்பேன். அதோட சரி. இந்தக் கல்யாணம் நடக்கணும். உங்க பொண்ணு வந்தா அவன் மூஞ்சில கொஞ்சம் சிரிப்பு வரும். எனக்குன்னு கேக்கறதுக்கு வேற எதுவும் இல்ல.

— சரி, சரி. கண்ணைத் துடைங்க. அந்தக் கையால இல்ல, கிரீஸ். விரலை வைங்க, சுத்தறேன். இப்ப?

— இல்ல.

— இப்ப பிஸ்டன் மேல வந்துடுச்சு. ஏதாவது தெரியுதா?

— ம்ஹூம்.

— இதுதான் நீங்க பென்சில் விட்டுப் பார்த்த உச்சி. இருங்க, இன்னொரு சுத்து. இப்ப?

— தள்ளுது. மெக்கானிக்கம்மா, விரலைப் பிடிச்சுத் தள்ளுது. நிக்கவே மாட்டேங்குது.

— இது நிஜ உச்சி. அப்படியே நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கி அரைச் சுத்து திருப்பி இறக்கறேன். பிளக்கை நீங்களே மாட்டுங்க. ஆங், அவ்வளவுதான். ஏறி உக்காந்து சாவியைப் போடுங்க.

— மறுபடி வெடிச்சா?

— வெடிச்சா என் பேரு கெடும், உங்களுக்கென்ன? திருப்புங்க.

— ஓடுது. ஐயோ, பூ மாதிரி ஓடுது.

— என்ன, முகமெல்லாம் பல்லா இருக்கு. இறங்கி வாங்க, ஓடட்டும் அது.

— இறங்கிட்டேன். கார் ஓடினா சொல்றேன்னீங்க. சொல்லுங்க. எதுவா இருந்தாலும் தாங்கிக்கறேன்.

— கோவிச்சுக்கக் கூடாது. நீங்க முதல் தடவ வந்துட்டுப் போன மறுநாள் உங்க பையன் இங்க வந்தான். அன்னைக்கே அவன்கிட்ட சரின்னு சொல்லிட்டேன்.

— அன்னைக்கேவா? அப்ப எதுக்கு என்னை இப்படி நடையா நடக்க விட்டீங்க?

— உங்க பையன்தான் கெஞ்சினான். ‘அம்மா போனதுக்கப்புறம் எங்கப்பா ஷேவ் பண்ணிக்கிட்டு வீட்டை விட்டு வெளிய வந்ததே நேத்து உங்களைப் பார்க்கத்தான், அதனால சரின்னு மட்டும் அவர்கிட்ட சீக்கிரம் சொல்லிடாதீங்க’ன்னு.